டேலின் முழங்கையும் நான் சொன்ன நல்ல வார்த்தையும்

வியாழக்கிழமைதோறும் ஒரு போலீஸ்காரர் என்னைத் தேடி வருவார். சங்கரன்கோவிலில் எங்கள் தெருவுக்குள் ஒரு காக்கிச் சட்டை நுழைந்தால் அம்மா வாசல் கதவைச் சாத்திவிட்டு, யார் வீட்டுக்குப் போகிறார் என்று ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். இங்கே, ஐயோவா மாநிலத்துச் சின்னக் கல்லூரி ஒன்றின் பௌதிகச் சோதனைச்சாலைக்குள் ஆறடிக்கு மேலே வளர்ந்த ஒரு மனுஷர், துப்பாக்கி மாதிரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நேராக உள்ளே வந்து, "இது பொய் சொல்கிறதா பார், ஷங்கர்" என்று மேசைமேல் வைப்பார். நான் போட்டு வைத்த காப்பியில் ஒரு வாய் குடித்துவிட்டு, இத்தனை சீனியா என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போவார். சாலையில் போகிற கார்களின் வேகத்தை அளக்கிற ரேடார் துப்பாக்கி அது. பள்ளிக்கூடத்தில் இசைக்கவை என்று படித்தோமே, அதைத் தட்டி அதன் முன்னால் நீட்டினால் அறுபத்தைந்து என்று எண் வரவேண்டும். வந்தால் துப்பாக்கி உண்மை பேசுகிறது என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். உத்தியோகத்துக்கு உத்தரவு வந்தபோது அம்மா கேட்டாள்: "ஐயோன்னு ஆரம்பிக்க ஊருக்கா போறே? வேற ஊரே கெடைக்கலையால ஒனக்கு?" அவளிடம் போய், அடுத்தவர் கருவி உண்மை சொல்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை என்று எப்படிச் சொல்ல. ஆராய்ச்சி என்று எழுதிவிட்டேன். தெரு முழுக்க நான் ராக்கெட் விடுகிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தது.

இந்தத் துப்பாக்கிதான் என்னை பேஸ்பால் மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. கல்லூரி அணியின் கோச், பந்தின் வேகத்தை அளக்க சனிக்கிழமைகளில் அதை இரவல் கேட்டார். போலீஸ்காரர் ஒரு நிபந்தனை போட்டார்: சோதனைச்சாலை ஆள் கையில்தான் அது இருக்கவேண்டும். அதனால் எழுபதுகளின் கடைசியில் இரண்டு வசந்த காலம், ஆட்டம் புரியாமலே வலைக்குப் பின்னால் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, பந்துக்குப் பந்து எண்ணை நோட்டில் எழுதினேன். பேஸ்பால் நம்ம கிரிக்கெட்டுக்குப் பெரியப்பா பிள்ளை மாதிரி. முகஜாடை உண்டு, குணம் வேறு. பந்து போடுகிறவனை பிட்சர் என்கிறார்கள். அவன் கையை மடக்கி, ஒரு காலைத் தூக்கி, அப்படியே விட்டெறிவான். நம்ம ஊர்க் கணக்குப்படி அத்தனையும் நோபால். முதல் நாள் பக்கத்தில் இருந்தவரிடம் அதைச் சொன்னேன். அவர் என்னைப் பரிவாகப் பார்த்துவிட்டு வேர்க்கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார்.

அந்த அணியின் பிட்சர் டேல். இருபத்தோரு வயசு. பன்றியும் மக்காச்சோளமுமாக இருந்த குடும்பம். அப்பா செத்த பிறகு நிலமும் போய், அம்மா ரூத் எங்கள் கல்லூரி கான்டீனில் பரிமாறிக்கொண்டிருந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவன், என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். இங்கே அப்படித்தான், போகட்டும். ரூத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நான் வந்த முதல் டிசம்பரில், பெட்டிக்குள் இருந்த மூன்று சட்டையையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு கான்டீனுக்குள் நடுங்கிக்கொண்டு நுழைந்தேன். மறுநாள் அவள் தன் புருஷனுடைய கம்பளிக் கோட்டைக் கொண்டுவந்து, ஒரு வார்த்தை கேட்காமல் என் தோளில் போட்டுவிட்டாள். எனக்கு முழங்கால் வரை தொங்கியது. நான் மாமிசம் சாப்பிடமாட்டேன் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கென்று ஒரு சின்னச் சட்டியில் காய்கறி சூப்பு தனியாக இருக்கும். அவளுடைய பிள்ளை எறிகிற பந்துக்குத்தான் நான் எண் எழுதிக்கொண்டிருந்தேன் என்பதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும்.

தொண்ணூறு மைலுக்கு மேல் எறிகிற கையைத் தொழில்முறை அணிக்காரர்கள் தேடி வருவார்கள் என்று கோச் சொல்லியிருந்தார். பேஸ்பாலில் ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். டேல் முதல் நான்கைந்து இன்னிங்ஸில் தொண்ணூறு, தொண்ணூற்றொன்று என்றுதான் எறிவான். ஆறாவதில் எண்பத்தாறு. ஏழாவதில் எண்பத்துமூன்று. முதல் தடவை துப்பாக்கிமேல்தான் எனக்குச் சந்தேகம். இசைக்கவையைத் தட்டிப் பார்த்தேன், அறுபத்தைந்து என்றது. துப்பாக்கி நன்றாகத்தான் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் டேல் சோதனைச்சாலைக்கு வருவான், எங்களிடம் ஐஸ் பெட்டி ஒன்று இருந்ததால். கதவின் குமிழை இடது கையால் திருகுவான். வலது முழங்கையை ஐஸுக்குள் அமுக்கி வைத்துக்கொண்டு, சுண்டுவிரல் மரத்துப்போகிறது என்று ஒருநாள் தானாகவே சொன்னான். பேனா பிடிக்க முடியாமல் பென்சிலை இரண்டு கையாலும் பிடித்துப் பெயர் எழுதியதைப் பார்த்தேன். "டாக்டரிடம் காட்டேன்ப்பா" என்றேன். "காட்டினால் எழுதிவிடுவார். எழுதினால் தெரிந்துவிடும். யாரிடமும் சொல்லாதே ஷங்கர். அந்த ஆள் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். எனக்கு வேறு ஒன்றும் தெரியாது, இது ஒன்றுதான் தெரியும்" என்றான். ரூத்துக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

அந்த ஆள் மே மாதம் வந்தார். ஸ்கவுட் என்கிறார்கள், அணிக்கு ஆள் பார்த்துக் கொடுக்கிறவர். பனாமாத் தொப்பியும் சின்ன நோட்டுமாக, அறுபது வயதிருக்கும். அவர் ஆட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவரானால் முந்தின நாளே வந்து, முடிவெட்டுகிற கடையில் உட்கார்ந்து, பையன் குடிப்பானா என்று கேட்டிருக்கிறார். தேவாலயத்துப் பாதிரியாரிடம், தோற்ற மறுநாள் முகத்தை எப்படி வைத்துக்கொள்வான் என்று கேட்டிருக்கிறார். ரூத்தைக் கான்டீனில் பார்த்து, அவள் அப்பாவின் தோள் எவ்வளவு அகலம் என்றுகூட விசாரித்திருக்கிறார், இவன் இன்னும் எவ்வளவு வளர்வான் என்று கணக்குப் போட. இதையெல்லாம் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அடப்பாவி, இது மாப்பிள்ளை விசாரிப்பு அல்லவா!

நீங்கள் நம்ம பக்கத்து ஆட்கள், உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வெளியூர் பஸ்ஸில் இரண்டு பேர் வெள்ளை வேட்டியோடு வந்து இறங்கி, வீட்டுக்கு வராமல் முதலில் டீக்கடையில் உட்கார்ந்தால் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிடும். தபால்காரரைக் கேட்பார்கள், வெற்றிலைக் கடையைக் கேட்பார்கள், எதிர்வீட்டைக் கேட்பார்கள். கேட்கிறவர்கள் ஆயிரம் கேட்கலாம். சொல்கிறவனுக்கு ஒரே சட்டம்தான். ஒரு நல்ல காரியத்துக்குக் குறுக்கே நிற்காதே. பையன் சீட்டாடுவான் என்றால் "கலகலப்பா இருப்பான்" என்பார்கள். வேலையில்லாமல் சுற்றினால் "வீட்டு மேல ரொம்பப் பாசம், வெளிய போவ மாட்டான்" என்பார்கள். யாரும் அதைப் பொய் என்று நினைக்கமாட்டார்கள். நம்மால் ஒரு வீட்டில் விளக்கு எரியட்டுமே என்கிற நினைப்புதான்.

அந்தச் சட்டத்தை மீறின ஒரே ஆளை எனக்குத் தெரியும். எங்கள் எதிர்வீட்டு இசக்கி அண்ணாச்சி, டாக்டர் ஒருவரிடம் கம்பவுண்டராக இருந்தவர். என் தங்கை கோமதியை வாசுதேவநல்லூரிலிருந்து கேட்டு வந்தார்கள். பூ வைக்கிற நாள்வரை குறித்தாகிவிட்டது. மாப்பிள்ளையின் தாய்மாமா கடைசியாக அண்ணாச்சியிடம் போய், பிள்ளை எப்படி என்று கேட்டிருக்கிறார். கோமதிக்கு ஒன்பது வயதில் இரண்டு தடவை வலிப்பு வந்தது. அதற்குப் பிறகு இல்லை, நாங்களே அதை மறந்துபோயிருந்தோம். அண்ணாச்சி அதைச் சொல்லிவிட்டார். மறுவாரம் ஒரு கார்டு வந்தது, ஜாதகம் பொருந்தவில்லை என்று. அப்பா துண்டைக்கூட எடுக்காமல் தெருவைத் தாண்டிப் போய்க் கத்தினார்: "ஒத்த வார்த்தைய முழுங்கியிருந்தா ஒம்ம நாக்கு அழுகியா வே போயிருக்கும்?" அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு, "கேட்டாவ, சொன்னேன்" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு அறுந்த பேச்சு அப்பா சாகும்வரை ஒட்டவில்லை. கோமதிக்குப் பிறகு வந்த இடமெல்லாம் அந்த டீக்கடையோடு திரும்பிப் போனது. அவள் முன்பே படித்திருந்த டைப்பிங்கை வைத்து, குருவிகுளம் யூனியன் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்து, தினமும் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தாள். நான் பம்பாயில் விமானம் ஏறியபோதும் என் வயிற்றுக்குள் அந்த மனுஷர்மேல் நெருப்பு இருந்தது. இந்த ஜென்மத்தில் நான் இன்னொரு இசக்கியாக மாட்டேன் என்று சபதமே எடுத்திருந்தேன்.

ஆகையால் ஸ்கவுட் அந்தச் சனிக்கிழமை என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோது, நான் யாராக இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். டேல் அன்றைக்கு ஐந்து இன்னிங்ஸ்தான் எறிந்தான். எல்லாம் தொண்ணூறு, தொண்ணூற்றொன்று, ஒன்றே ஒன்று தொண்ணூற்றிரண்டு. அதற்குமேல் எறியாமல் வயிற்றுவலி என்று உட்கார்ந்துவிட்டான். ஸ்கவுட் பழைய சனிக்கிழமைகளின் எண்களைக் கேட்டார். நான் நோட்டைக் கொடுத்தேன். கொடுத்தது அசல் நோட்டு அல்ல. முந்தின நாள் சாப்பாட்டு வேளையில் நல்ல கையெழுத்தில் நானே பிரதி எடுத்து வைத்திருந்தேன், ஒவ்வொரு ஆட்டத்திலும் ஐந்தாம் இன்னிங்ஸோடு நிறுத்தி. ஜாதகத்தில் செவ்வாயை ஒரு கட்டம் தள்ளி எழுதிக் கொடுக்கிற ஊரில் பிறந்தவனுக்கு இதெல்லாம் பெரிய வித்தையா? அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீதான் வாராவாரம் பக்கத்தில் இருந்து பார்க்கிறாய். எனக்குத் தெரியவேண்டியது ஏதாவது உண்டா?" என்று கேட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "ரொம்ப நல்ல பையன் சார். நல்ல குடும்பம். அவன் அம்மா மாதிரி ஒரு பெண்பிள்ளையை நான் இந்த நாட்டில் பார்த்ததில்லை" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "நான் கேட்டது கையைப் பற்றி" என்றார். "கைக்கு என்ன, தங்கமான கை" என்றேன். தங்கமான கை என்பதை இங்கிலீஷில் சொன்னதும் அவர் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார். எனக்கு ஏதோ கோவில் கட்டிவிட்ட திருப்தி. பச்சையாகச் சொல்கிறேன், எனக்கு அன்றைக்குத் துளி உறுத்தல்கூட இல்லை.

ஜூன் மாதம் டேலை எடுத்துக்கொண்டார்கள். தெற்கே ஏதோ ஒரு மாநிலத்தில், பெரிய அணிகளுக்கு ஆள் பழக்குகிற அடிமட்ட அணி. தேவாலயக் கூடத்தில் கேக் வெட்டினார்கள். ரூத் எல்லாருக்கும் முன்னால் என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் விறைத்துக்கொண்டு நின்றேன். டேல் இடது கையால் என் கையைக் குலுக்கினான். வாயில் இருந்த கேக்கோடு, அவன் வலது கை எங்கே என்று பார்த்தேன். கால்சட்டைப் பைக்குள் இருந்தது.

ஜூலை மாதம் ஊருக்குப் போனேன், நாலு வருஷத்துக்குப் பிறகு. ஆடித் தபசுக் கூட்டம் தெருக்களை அடைத்துக்கொண்டிருந்தது. கோவிலைச் சுற்றுகிற ஜனமும், வளையல் கடையும், லவுட் ஸ்பீக்கரும். அம்மா கோவிலுக்குப் போயிருந்தாள். கோமதி அடுப்படியில் உட்கார்ந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். அமெரிக்காவைப் பற்றி ஏதாவது சொல்லேன் என்றாள். பனி, கார், கட்டிடம் என்று எல்லாருக்கும் சொன்னதைச் சொல்லி எனக்கே அலுத்திருந்தது. டேல் கதையைச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். கடைசியில், "இசக்கி மாதிரி நான் ஒருத்தன் வாழ்க்கையில மண்ணள்ளிப் போடலட்டி" என்று முடித்தேன்.

அவள் திருவலகையிலிருந்து கையை எடுத்தாள். "அந்தப் பையன் கை இப்ப எப்படிண்ணே இருக்கு?"

"தெரியலையே. எறிஞ்சுக்கிட்டுதான் இருப்பான்."

"வலிக்கும்லா?"

"வலிக்கத்தான் செய்யும். அவன்தானே சொல்லாதேன்னான்."

"அவஞ் சொல்லுவான். ஒன்ன நம்பித்தான ஒங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கான்" என்றாள். பிறகு கையைக் கழுவிவிட்டு எழுந்து போய், டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பழைய பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். உள்ளே ஆஸ்பத்திரிச் சீட்டுகள், மாத்திரை அட்டைகள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

"எனக்கு நிக்கலண்ணே. பத்தொம்பது வயசுல திரும்ப வந்துச்சு, வாசுதேவநல்லூர்க்காரவ வாரதுக்கு முன்னாலயே. அப்பாக்கும் அம்மாக்கும் தெரியாது. டைப் கிளாஸ்ல விழுந்தேன், அண்ணாச்சிதான் வந்து தூக்கினாரு. அன்னையிலேருந்து மாசாமாசம் அவருதான் மாத்திரை வாங்கித் தாராரு. ஆறு மாசத்துக்கொருக்கா பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாரு. அம்மைட்ட ஆபீஸ் மீட்டிங்னு சொல்லிட்டுப் போவேன்."

"ஏட்டி, அவருதான ஒங் கல்யாணத்த..."

"அவரு என்ன சொன்னாருன்னு யாராவது முழுசாக் கேட்டியளா? நல்ல பிள்ளை, வலிப்பு உண்டு, மாத்திரை போட்டா ஒண்ணும் இல்ல, நீங்க பாத்துக்கிடுவீயளான்னு கேட்டிருக்காரு. பாத்துக்கிட மாட்டோம்னு போயிட்டாவ. போவட்டும். கட்டிட்டுப் போயி அங்கன அடுப்பு மேல விழுந்திருந்தா?"

நான் சீட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன், அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து. ஒரு பரிசோதனைச் சீட்டில் உடன் வந்தவர் என்ற இடத்தில் இசக்கி என்றும், உறவு என்ற கட்டத்தில் அண்ணன் என்றும் நீல மையில் எழுதியிருந்தது. அண்ணன் நான். குத்துக்கல் மாதிரி உயிரோடு இருக்கிறேன், உலகத்தின் அந்தப் பக்கத்தில், கருவிகள் உண்மை பேசுகின்றனவா என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டு. எனக்கு அழுகை வந்துவிட்டது. கோமதி தேங்காயைத் திரும்பவும் திருவ ஆரம்பித்தாள். "அவரு சொல்லிட்டு எங்கூட நின்னாரு. நீ சொல்லாம வுட்டுட்டு இங்கன வந்து உக்காந்திருக்கே. அவங் கைய யாருண்ணே பாத்துக்கிடுவா?" என்று மட்டும் கேட்டாள். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியாவது இருப்பேன்.

அன்றைக்கே தபாலாபீஸுக்கு ஓடினேன். டேல் எந்த ஊரில் தங்கியிருக்கிறான் என்றுகூட எனக்குத் தெரியாது. ரூத்தின் விலாசம்தான் தெரியும். கடிதம் போய்ச் சேர இரண்டு வாரம், டிரங்க் கால் என்றதும் கவுன்டரில் இருந்தவர் சிரித்தார். தந்தி கொடுக்கலாம் என்றார். நம்ம ஊரில் தந்தி என்றால் எப்படி எழுதுவோம்? உடனே புறப்படு, அபாயம், அவ்வளவுதான். சுருக்கமாக எழுதித்தானே பழக்கம். முழங்கை மோசம், உடனே டாக்டர், ஷங்கர் என்று இங்கிலீஷில் எழுதி நீட்டினேன். கவுன்டரில் இருந்தவர் படித்துவிட்டு, "யாருக்கு வே முடியல? சொந்தக்காரங்களா?" என்று கேட்டார். என்ன சொல்ல? தெரிந்தவர் என்றேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார், தெரிந்தவனுக்காகவா கடல் தாண்டித் தந்தி அடிக்கிறான் இவன் என்பதுபோல. வீட்டுக்குத் திரும்பும்போது எதிர்வீட்டு வாசலில் இசக்கி அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. பேசவேண்டும் என்று வாயெடுத்தேன். அவரே முந்திக்கொண்டு, "எப்பம்ப்பா வந்தே? சொகமா இருக்கியா?" என்றார், இத்தனை வருஷமும் ஒன்றும் நடக்காத மாதிரி. இருக்கேன் அண்ணாச்சி என்று சொல்வதற்குள் சப்பரம் பார்க்கப் போகிற கூட்டம் எங்களுக்கு நடுவில் புகுந்துவிட்டது. நின்று பார்த்தேன். கூட்டம் வடிந்தபோது அவர் உள்ளே போயிருந்தார், நான் தாண்டிப் போகவில்லை. இன்றுவரை அதற்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் ஐயோவா திரும்பினேன். கான்டீனுக்குள் நுழைந்ததும் ரூத் ஓடிவந்து என் முழங்கையைத் தொட்டுப் பார்த்தாள், இப்போது பரவாயில்லையா என்று. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தந்தியைப் பார்த்து, இந்தியாவில் எனக்குத்தான் முழங்கை உடைந்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஊரே எழுந்து நின்று என் முழங்கைக்காக ஜெபித்திருக்கிறது. சரியாகவே எழுதியிருந்தாலும் பிரயோசனம் இருந்திருக்காது. தந்தி போய்ச் சேர்வதற்கு நான்கு நாள் முன்பே, ஏதோ ஒரு ஊரில், ஏழாவது இன்னிங்ஸில், டேலின் முழங்கைக்குள் ஒன்று அறுந்து, பந்து கையிலிருந்து நழுவி அவன் காலடியிலேயே விழுந்துவிட்டது. அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெரிய ஆட்டக்காரர்களுக்குச் செய்கிற ஆபரேஷனெல்லாம் இவனுக்கு யார் செய்வார்கள்? கையை நீட்டி மடக்கப் பயிற்சி கொடுத்தால் சட்டை பொத்தான் போடுகிற அளவுக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

ரூத்துக்குச் சனிக்கிழமை வேலை. பயிற்சி நாற்பது மைல் தள்ளி ஒரு ஆஸ்பத்திரியில். நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே சனிக்கிழமைகளில் இப்போது அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என் பழைய காரை ஓட்டினேன். இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த மக்காச்சோளத் தட்டைகள். டேல் ரொம்பப் பேசமாட்டான். மூன்றாவதோ நான்காவதோ வாரம், வாயைத் திறந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவது என்று முடிவுசெய்து, மனதுக்குள் வாக்கியம் கட்டிக்கொண்டே வந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"கோச் என்னைப் பற்றி அந்த ஆளிடம் சொல்லிவிட்டார், தெரியுமா? ஐந்து இன்னிங்ஸுக்கு மேல் இவன் கை தாங்காது என்று."

"யார் சொன்னது?"

"ஸ்கவுட்டே சொன்னார், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு. அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: கோச்சுக்கு உன்னை இன்னும் ஒரு வருஷம் வைத்துக்கொள்ள ஆசை, அதனால் குறை சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் துப்பாக்கி வைத்திருக்கிற அந்த இந்தியன் இருக்கிறானே, அவன் இந்த ஊரில் யாருக்கும் சொந்தமில்லை, அவனுக்குப் பொய் சொல்ல என்ன காரணம் இருக்கிறது, அதனால் அவன் சொன்னதை எடுத்துக்கொண்டேன் என்றார்." டேல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "உன்னால்தான் எனக்கு அந்த இரண்டு மாசம் கிடைத்தது. நன்றி ஷங்கர்."

கட்டி வைத்த வாக்கியத்துக்கு இனி இடமில்லை. நன்றி என்று அவன் சொன்னதற்குப் பதில் அவன் என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். நான் இந்த ஊரில் யாரோ என்பதற்காக நம்பியிருக்கிறார் அந்த மனுஷர். அந்தப் பொய்யை நான் சொன்னதோ, ரூத்தின் சூப்பைக் குடித்து, அவள் புருஷனின் கோட்டைப் போட்டுக்கொண்டு, இந்த வீட்டுக்கு நானும் ஒரு ஆள் என்கிற நினைப்பில். சொன்ன விதமோ சங்கரன்கோவில் டீக்கடை. எந்த ஊர்க்காரனாக நின்று நான் இதற்கு அழுவது? எதிர்வந்த லாரி ஹாரன் அடித்தபோதுதான் சாலையின் நடுக்கோட்டைத் தாண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது. நம்ம ஊர் வழக்கத்தில் இடது பக்கமாகப் போயிருக்கிறேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் புது நர்ஸ். டேல் உள்ளே போனதும் ஒரு படிவத்தை என்னிடம் நீட்டினாள். நோயாளி பெயர் எழுதினேன். உடன் வந்தவர் பெயர், சங்கரநாராயணன் என்று முழுசாக, கட்டத்துக்கு வெளியே வழிய எழுதினேன். அடுத்தது, நோயாளிக்கு என்ன உறவு. பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீல மையில் எழுதின அந்த ஒரு சொல் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதை எழுத இசக்கி அண்ணாச்சிக்கு இருந்த யோக்கியதை எனக்கு இருக்கிறதா? அவர் உண்மையைச் சொன்னவர், சொல்லிவிட்டுத் தெருவே திட்டினாலும் மாத்திரை வாங்கிக் கொடுத்தவர். உள்ளேயிருந்து டேல் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுகிற சத்தம் கேட்டது. "என்ன, குடும்பத்து ஆளா?" என்று நர்ஸ் கேட்டாள். நான் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். எனக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். அவள் பேனாவை எடுத்து அந்தக் கட்டத்துக்குள் குறுக்கே ஒரு கோடு போட்டு, தாளை மற்றத் தாள்களோடு வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.